அந்திரேயார் குறி

அம்மா நிக்கணுமா வேண்டாமா, அதான் அக்கா இப்போ பிரச்சினை.

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க, எனக்கு வேண்டாம். இந்தப் பையை மட்டும் மடியில வைச்சுக்கிறேன், அம்மா பை. அம்மா அதோ முன்னாடி நிக்கிறா பாருங்க, கம்பியைப் பிடிச்சுட்டு, நீலச் சேலை. ஏறும்போது ஒரே ஒரு சீட்டுதான் காலி, நான்தான் முதல்ல ஏறினேன். இல்லை, நான் சொன்னது பஸ்ல நிக்கிறதை இல்லை. தேர்தல்ல நிக்கிறதை.

எம்.எல்.ஏ. தேர்தல் இல்லை அக்கா. அது வேற. அதுவும் இதுல வரும், பொறுங்க.

நீங்க கோயில்காரங்களா? இல்லையா? சரி, அப்போ முதல்ல இருந்தே சொல்றேன். நாகர்கோவில் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. எங்க ஊர் கொம்பன்துறை. கடற்கரை ஊர், எல்லாரும் வேதக்காரங்க. சர்ச்சை நாங்க கோயில்னுதான் சொல்வோம். கோயிலை நடத்துறது பாதர். பாதரை நடத்துறது பங்குப்பேரவை, பங்குன்னா ஒரு கோயிலைச் சேர்ந்த சனங்க எல்லாரும். பதினைஞ்சு பேர். அதுக்குத் தலைவர் பாதர்தான், ஆனா அவர் ஐந்து வருஷத்துல மாறிப் போயிடுவார். அதனால துணைத்தலைவர்னாலே தலைவர்னுதான் அர்த்தம். பன்னிரண்டு வருஷமா ததேயு மாமாதான் துணைத்தலைவர். சொந்த மாமா இல்லை. எங்க ஊர்ல வயசான ஆம்பளை எல்லாரும் மாமாதான், தப்பிக்க முடியாது. இந்த வருஷம் அவரை எதிர்த்து எங்க அம்மா மனு கொடுத்திருக்கா. ஸ்டெல்லாபாய். ஊர்ல அந்தப் பதவிக்கு மனு கொடுத்த முதல் பொம்பளை.

நான் பெல்சிட்டா. பதினேழு வயசு. பிளஸ் ஒன் பாதியில நின்னுட்டேன். ஏன்னு நீங்க கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்: பிடிக்கலை. வறுமையும் இல்லை, காதலும் இல்லை. இப்போ டவுன்ல வின்ஸ் அண்ணன் பிளக்ஸ் கடையில டிசைன் பண்றேன். கல்யாணம், சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எல்லாத்துக்கும் நான்தான். நான் உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளு அக்கா. அதனாலதான் இவ்வளவும் வந்துச்சு.

போன மாசம் பாதர் இன்னாசிமுத்து கடைக்கு வந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், எங்க ஊருக்கு வந்து நாலு மாசம்தான் ஆகுது. கையில ஒரு தாள், அதுல ஸ்கேல் வைச்சுக் கோடு போட்டு ஒரு அட்டவணை.

"எம்.எல்.ஏ. தேர்தல் வருது பெல்சி. வர்றவன் எல்லாம் 'நாங்கதான் உங்க ஆளு'ன்னு சொல்லுவான். யாருக்குப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். திருச்சபை என்ன போதிக்குது, கட்சி என்ன சொல்லுது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைச்சுடுவோம். சனங்க பார்த்துக்கட்டும். தேர்தல் தேதி அறிவிச்சுட்டா இதெல்லாம் வைக்கக் கூடாது, அதனால சீக்கிரம்."

வரிசை ஆறு: மது, வரதட்சணை, சாதி, பெண்களுக்குப் பொறுப்பு, கருவிலிருக்கும் குழந்தை, தூக்குத் தண்டனை. முதல் கட்டத்துல திருச்சபையோட போதனை. ரெண்டாவது கட்டம் சீப்புக் கட்சி, மூணாவது அலமாரிக் கட்சி. அதெல்லாம் அவங்க சின்னம், எங்க ஏரியாவுல இந்த ரெண்டுக்கும்தான் போட்டி. போதனையோட ஒத்துப் போனா டிக். ஒத்துப் போகலைன்னா இன்ட்டு.

பாதரும் நானும் கட்சிகளோட பழைய தேர்தல் அறிக்கையை வைச்சுட்டு உட்கார்ந்தோம். சீப்பு சொல்லுது, 'மதுக்கடைகளைப் படிப்படியாக மூடுவோம்'.

"எத்தனை படி பாதர்?"

பாதர் யோசிச்சுப் பார்த்துட்டு இன்ட்டு போட்டார். அலமாரி சொல்லுது, 'ஒரே கையெழுத்தில் மதுவிலக்கு'. அவங்க ஐந்து வருஷம் ஆட்சியில இருந்தாங்க, பேனா கிடைக்கலை போல. அதுக்கும் இன்ட்டு. வரதட்சணை கூடாதுன்னு ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க, டிக், டிக். சாதி ஒழிகன்னும் ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க.

"பாதர், இது சொல்றதுக்கு மார்க்கா, செய்றதுக்கு மார்க்கா?"

"சொல்றதுக்கு."

"அப்போ நான்கூட பாஸ் ஆகியிருப்பேனே!"

வின்ஸ் அண்ணன் மெஷின் பக்கத்துல இருந்து, "ஏ பிள்ளே, பாதர்கிட்ட வாயாடாத"ன்னு கத்தினார். பாதர் சிரிச்சுட்டே டிக் போட்டார்.

பெண்களுக்குப் பொறுப்புன்னு வந்தா, சீப்பு மூணுல ஒரு பங்கு இடம் தரணும்னு எழுதியிருக்கு, டிக். அலமாரி என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'பெண்கள் வீட்டின் விளக்கு. வீட்டுக்கொரு மிக்ஸி.' பாதர் அந்த இன்ட்டைப் போட்ட வேகத்துல தாள் கிழிஞ்சுது.

கரு விஷயத்துல ரெண்டு கட்சியும் வாயே திறக்கலை. கருவிலேயே அது உயிர்தான்னு திருச்சபை சொல்லுது. வாயே திறக்காதவனுக்கு என்ன போடுறது? ஒரு கோடு போடுன்னார். தூக்குத் தண்டனை கூடாது, கொலைகாரனுக்கும் கூடாதுங்கிறது போதனை. கட்சிகள் ரெண்டும் 'தூக்கில் போடுவோம்'னு பெரிய எழுத்துல போட்டிருக்கு.

"பாதர், உண்மையைச் சொல்லட்டா? எனக்கும் சில பேரைத் தூக்குல போடணும்னு தோணும்."

"எனக்கும் தோணும். அதனாலதானே போதனைன்னு ஒண்ணு வேண்டியிருக்கு."

அது எனக்குப் பிடிச்சிருந்துது. ஆக, சீப்புக்கு ரெண்டு இன்ட்டு, அலமாரிக்கு மூணு. இந்த எண்ணிக்கையை ஞாபகம் வைச்சுக்கோங்க அக்கா, இதுலதான் விஷயம்.

கடைசியா நாலாவது ஒரு கட்டம். 'நம்ம பங்கு'ன்னு தலைப்பு மட்டும் எழுதியிருந்தார். கீழே ஒண்ணும் இல்லை.

"இது என்ன பாதர், காலியா இருக்கு?"

"காலியாத்தான் இருக்கணும். அன்பியக் கூட்டத்துல சனங்களே பேசி நிரப்பட்டும்."

அன்பியம்னா முப்பது முப்பது வீடா சேர்ந்து ஜெபம் பண்ற குழு. எங்க ஊர்ல பன்னிரண்டு இருக்கு. நாலாவது அன்பியத்துக்கு அம்மாதான் பொறுப்பு.

பாதர் போயிட்டார். நான் டைப் பண்ணி முடிச்சேன். அக்கா, நீங்களே சொல்லுங்க, எட்டடி பிளக்ஸ்ல கால்வாசி காலியா இருந்தா யாராவது அச்சுக்கு அனுப்புவாங்களா? கஸ்டமர் மறந்துட்டார்னுதான் நினைப்பாங்க. அதுவும் எனக்குப் பதில் தெரியும். பரீட்சையில ஒரு தடவைகூட எனக்கு எல்லாப் பதிலும் தெரிஞ்சதில்லை, இதுல தெரிஞ்சுது. கை சும்மா இருக்குமா?

மது: இன்ட்டு. திருவிழா அன்னிக்கு சப்பரம் தூக்குறவங்க பக்கத்துல நின்னு பாருங்க, மெழுகுவர்த்தியைக் கிட்ட கொண்டு போகப் பயமா இருக்கும். வரதட்சணை: இன்ட்டு. சாதி: எல்லாரும் ஒரே சாதிதான், ஆனா கல்லறைத் தோட்டத்துல மேலத்தெரு தனி, கீழத்தெரு தனி. இன்ட்டு. பெண்களுக்குப் பொறுப்பு: பதினைஞ்சு பேர் பேரவையில ஒரே பொம்பளை, எங்க அம்மா. அவ பொறுப்பு டீ. இன்ட்டு. தூக்குத் தண்டனை: எங்க டீக்கடையில தினமும் பேப்பரைப் பார்த்துட்டு நாலு பேரையாவது தூக்குல போடாம எழுந்திருக்க மாட்டாங்க. இன்ட்டு. கருவை மட்டும் காலியா விட்டேன். அடுத்த வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைப் போட மாட்டேன். நேர்மைன்னா நேர்மை.

மொத்தம் அஞ்சு இன்ட்டு. சனிக்கிழமை சாயங்காலம் பங்கு மன்றச் சுவர்ல கட்டிட்டாங்க. பாதர் அப்போ மருத்துவமனையில ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்கப் போயிருந்தார், பார்க்கலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில முதல் பூசை முடிஞ்சு வெளியே வர்றேன். மன்றத்துக்கு முன்னாடி கூட்டம். நான் ஓடிடலாமான்னு பார்த்தேன். ஆனா யாரும் கோபமா இல்லை. சிரிக்கிறாங்க! அலமாரிக் கட்சி கிளாட்சன் பிளக்ஸுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கிறான். "எங்களுக்கு மூணு லே! சீப்புக்கு ரெண்டுதான்!" ததேயு மாமா ஒரு ரோஜா மாலையைக் கொண்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, 'நம்ம பங்கு'ங்கிற தலைப்பு மேலேயே போட்டார்.

"கட்சிக்காரனுக்கு ரெண்டு, மூணு. நமக்கு அஞ்சு! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் கோயில் கொடி கண்ணுல பட்டுது அக்கா. எங்க கோயில் அந்திரேயார் கோயில். அந்திரேயாரைச் சாய்ஞ்ச சிலுவையில அறைஞ்சாங்க. இன்ட்டு மாதிரி இருக்கும். எங்க கொடியில அதான். வள்ளத்துல அதான். வீட்டு நிலைமேல அதான். புது வலை வாங்கினா முதல் முடிச்சுல சுண்ணாம்பால அதைத்தான் வரைவாங்க. எங்க ஊர்ல அதுக்கு அந்திரேயார் குறின்னு பேரு. ஆக ஊர் முழுக்க என்ன நினைச்சுது? பாதர் நல்லவங்களுக்கு அந்திரேயார் குறி போட்டிருக்கார்! டிக்குன்னா ஏதோ பரவாயில்லை ரகம்!

உனக்கு முன்னாடியே தோணலையான்னு கேட்கிறீங்க. எப்படி அக்கா தோணும்? பத்து வருஷம் என் கணக்கு நோட்டு முழுக்க அந்தக் குறிதான். அந்திரேயார் என்மேல அவ்வளவு பாசமா இருந்தார்னா நினைக்க முடியும்?

அம்மா மட்டும் சிரிக்காம ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னா. அஞ்சாம் கிளாஸ்தான் படிச்சிருக்கா. என்கிட்ட வந்து மெதுவா, "இதை நீதான எழுதின?"ன்னு கேட்டா.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு எழுத்துப் பிழை கெடக்கு." அப்புறம் இன்னொண்ணும் கேட்டா. "நம்ம வீட்டுக்குக் கட்டம் எங்க பிள்ளே?"

"எட்டடிதானம்மா. இடம் பத்தலை."

எதுக்கு அப்படிக் கேட்டான்னு எனக்குப் புரியலை. எங்க வீட்டுல என்ன இருக்கு? அப்பா வருஷத்துல பத்து மாசம் ஆழ்கடல் போட்டுல. மீதி அம்மாவும் நானும்தான். நாங்க ரெண்டு பேரும் பொம்பளைங்க, அங்க என்ன சமத்துவப் பிரச்சினை வரும்?

அப்போதான் பாதர் வெளியே வந்தார். மாலையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"மாலை யார் போட்டது?"

"நான்தான் பாதர்! அஞ்சு!"

"ததேயு, அது தப்புக் குறி."

ததேயு மாமா இன்னும் ஸ்டூல்மேலதான் நின்னுட்டு இருந்தார், இறங்குறதா மாலையைக் கழற்றுறதான்னு தெரியாம.

அன்னிக்குச் சாயங்காலமே பேரவை கூடிச்சு. என்னையும் கூப்பிட்டு நிறுத்தினாங்க. அம்மா டீ ஊத்திட்டு இருந்தா, அவ உறுப்பினர்தானே.

"புனிதரோட குறிக்குத் தப்புன்னு அர்த்தம் வச்சாச்சு. இது முதல் குத்தம்"னார் ததேயு மாமா. "ரெண்டாவது, நம்ம பங்குல வரதட்சணை இருக்குன்னு எப்படிப் பிள்ளே எழுதுன?"

"மாமா, உங்க மகன் கல்யாணத்துக்கு ஒரு கார் வந்துச்சே?"

"அது அவங்களா ஆசைப்பட்டுத் தந்தது."

"கலரைக்கூட நீங்கதான் சொன்னீங்கன்னு அத்தை சொன்னாங்களே?"

யாருக்கோ டீ புரையேறிடுச்சு. மாமாவுக்கு முகம் சிவந்துட்டுது.

"பொம்பளையளுக்குப் பொறுப்பு இல்லேன்னும் போட்டிருக்க. இந்தா, உங்க அம்மா இல்லியா பேரவையில?"

"இருக்காங்க மாமா. உங்க கிளாஸ் காலியாயிட்டு, பாருங்க, ஊத்த வர்றாங்க."

பாதர் எழுந்தார். "தப்பு என்னோடது. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும்"னார். ஆனா மாமாவுக்கு வேண்டியது அது இல்லையே. பன்னிரண்டு அன்பியத்துல எட்டு அம்மா பக்கம்னு அவருக்குத் தெரியும். "சொந்தப் பிள்ளையை அடக்கத் தெரியாதவளுக்கு ஊர் எதுக்கு? ஸ்டெல்லாபாய் மனுவைத் திரும்பப் பெறணும். அதான் மரியாதை"ன்னுட்டார். நாலஞ்சு பேர் ஆமா போட்டாங்க. பாதர், "நிக்கிறதும் விலகுறதும் அவங்க இஷ்டம். யாரும் வற்புறுத்தக் கூடாது"ன்னார்.

அம்மா என்ன பண்ணினா தெரியுமா? கிளாஸை எல்லாம் பொறுக்கிட்டு வெளியே போயிட்டா, கழுவ.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். "நீ நிக்கணும்மா. நீ விலகினா நான் போட்ட இன்ட்டு சரின்னு ஆயிடும்!"

"சரியா இருக்கணும்னுதான நீ போட்ட?"

"அம்மா, விளையாடாத. பொம்பளைங்களுக்குப் பொறுப்பு வேணும்னு திருச்சபை சொல்லுது, சீப்புகூட சொல்லுது!"

"சொல்லட்டு. காலையில நாலு மணிக்கு மீன் எடுக்கப் போறது யாரு? வந்து சோறு பொங்குறது யாரு? இதுக்கு நடுவுல ஊர்ப் பஞ்சாயத்துக்கு எப்பப் போறது? சீப்பு வந்து பொங்குமா?" இதைக் கேட்டுட்டே அம்மா என் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தா. நான் தட்டுல கையை வைச்சுட்டு, "மீன் முள்ளை எடுத்துட்டியாம்மா?"ன்னு கேட்டேன். சின்னப் பிள்ளையில ஒரு தடவை தொண்டையில முள் மாட்டினதுல இருந்து அம்மாதான் எடுத்துத் தருவா, பழக்கம். "எடுத்தாச்சு"ன்னா. அப்புறமும் ஒரு மணி நேரம் அவளுக்குச் சமத்துவத்தைப் பத்தி எடுத்துச் சொன்னேன். கடைசியில பாத்திரத்தை எடுத்துட்டு எழுந்து போயிட்டா. படிக்காதவங்களுக்கு இதெல்லாம் புரிய வைக்கிறது கஷ்டம் அக்கா.

மறுநாள், "விலகல் கடிதம் எழுதித் தா"ன்னா. மாட்டேன்னுட்டேன். அவளே எழுதினா, ஒரு மணி நேரம், ஒவ்வொரு எழுத்தா. அது இந்தப் பையிலதான் இருக்கு. இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள நாகர்கோவில்ல மறைமாவட்ட அலுவலகத்துல கொடுத்தா, விலகின மாதிரி. கொடுக்கலைன்னா நிக்கிற மாதிரி. நான் எதுக்குக் கூட வர்றேன்னா, தடுக்கத்தான். கடிதம் எழுதினாளே தவிர, நேத்து வரைக்கும் அவ வாயில இருந்து நிக்கேன்னும் வரலை, நிக்கலைன்னும் வரலை. கேட்டா, "களைப்பா இருக்கு பிள்ளே"ங்கிறா. அது ஒரு பதிலா?

இந்தாங்க, இடியாப்பம் சாப்பிடுங்க. அம்மா காலையில எனக்குக் கட்டினது. இல்லை, அவ சாப்பிடலை, நேரம் இல்லைன்னா. மீன் எடுத்துட்டு வந்து குளிச்சுட்டு ஓடி வந்தா.

என்ன அக்கா?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? அம்மாவையா? ஆமா, அதுதான் அம்மா, சொன்னேனே. ஒரு காலை மாத்தி மாத்தி வைக்கிறா. முட்டி வலி. பரவாயில்லை, அவளுக்கு நின்னு பழக்கம். சந்தையில காலையில இருந்து நிக்கிறவதானே.

எவ்வளவு நேரமான்னா... ஏறினதுல இருந்து. முக்கால் மணி நேரம் இருக்கும்.

...

அக்கா, நீங்க ஒண்ணுமே சொல்லலை. ஆனா சொல்லிட்டீங்க.

சே.

இருங்க, வர்றேன். கொஞ்சம் வழி விடுங்க அண்ணே. அம்மா! அம்மா, இங்க வா. வந்து இரி. வான்னா வா. எனக்கு ஒண்ணும் இல்லை, வாந்தியும் வரலை. சும்மா இரின்னுதான் சொல்றேன். இதுக்கு ஏன் இப்படி முழிக்கிற?

அக்கா, இதுதான் எங்க அம்மா. பையை நானே வைச்சுக்கிறேன். என்ன வேணும்? அந்தக் கடிதமா? அம்மா, கண்டக்டர் பார்க்கிறார், சண்டை போட வைக்காத. தரமாட்டேன். தரமாட்டேன்னா... சரி, இந்தா. உன் இஷ்டம்னு பாதரே சொல்லியிருக்கார்.

பாருங்க அக்கா. கடிதத்தை நாலா மடிச்சு விசிறுறா. ரொம்ப வேர்க்குதாம்.

அம்மா, அந்தப் பலகையில அஞ்சாவதா ஒரு கட்டம் போட்டுட்டேன். மனசுலதான். 'நம்ம வீடு'ன்னு. பெண்கள் வரிசையில இன்ட்டு. அந்திரேயார் குறி இல்லை, மற்றது. சிரிக்காத. இடியாப்பத்தைச் சாப்பிடு. நாளையில இருந்து முள்ளை நானே எடுத்துக்கிறேன். சோறா? சோறும் பொங்குறேன், அரிசி எவ்வளவுன்னு மட்டும் சொல்லிக் கொடு.

இப்போ சொல்லு. இந்த அக்கா சாட்சி. நிக்கியா, இல்லியா?

"இப்பதான பிள்ளே இருக்கேன்"ங்கிறா அக்கா, இடியாப்பத்தை வாயில வைச்சுட்டு. "கொஞ்சம் இருந்துட்டு நிக்கேன்."